ஊடுருவும் ஒளியும் கண்ணோட்டமும்

மறைவு என்பது யாது? ஒரு பொருள் பிறர் கண்ணுக்குப் புலனாகாதிருத்தலே மறைவு என்பர். இவ்விடை எளியது, ஆயினும் அது பொருளின் இயல்பைக் காட்டிலும் கண்ணின் இயல்பையே பெரிதும் சார்ந்து நிற்கின்றது. மின்காந்த அலைகளுள் ஏறத்தாழ 0.4 மைக்கிரோமீற்றர் முதல் 0.7 மைக்கிரோமீற்றர் வரையுள்ள குறுகிய கீற்றொன்றையே மனிதக் கண் அறியும். அக்கீற்றினைத் தடுக்கும் பொருள்களையே நாம் சுவர் என்றும் ஆடை என்றும் உறை என்றும் திரை என்றும் கொண்டோம். அவற்றின்மீது எமது நாணத்தையும் நம்பிக்கையையும் சட்டங்களையுங் கூடக் கட்டியெழுப்பினோம். வேறோர் அலைநீளத்துக்கு அத்திரை கண்ணாடியாகிவிடுமாயின், அதன்மேற் கட்டியவற்றின் கதி யாது? காண இயலாமையே இதுவரை மறைவைக் காத்து வந்ததெனின், காண இயன்றபின் அதனைக் காப்பது எது?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. நுண்ணலைகளுக்கும் செந்நிறக்கீழ்க் கதிர்களுக்கும் இடையில், ஏறத்தாழ 0.1 முதல் 10 ரெராஹேர்ட்ஸ் வரையான மீடிறன் கொண்ட அலைப்பட்டை ஒன்று உளது. ஒரு ரெராஹேர்ட்ஸ் என்பது செக்கனுக்கு ஓர் இலட்சம் கோடி அதிர்வுகள். அதற்குரிய அலைநீளம் 0.3 மில்லிமீற்றர். இப்பட்டை நெடுங்காலம் ஆய்வாளரின் கைக்கு எளிதில் அகப்படவில்லை. இலத்திரனியற் சுற்றுகள் அத்துணை விரைவாக அதிரமாட்டா. லேசர்கள் அத்துணை மெதுவாக அதிரமாட்டா. இரு துறைகளும் வந்து முட்டி நின்ற இவ்விடத்தை 'ரெராஹேர்ட்ஸ் இடைவெளி' என்றே பௌதிகவியலார் அழைத்தனர்.

இடைவெளி எனப்பட்டதேனும் அது வெறுமையன்று. 1900ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் ஹைன்றிக் ரூபன்ஸ், பேர்டினண்ட் கூர்ல்பாம் ஆகிய இருவரும் சூடான பொருள்கள் உமிழும் கதிர்ப்பை 51 மைக்கிரோமீற்றர் அலைநீளம் வரை, அதாவது ஏறத்தாழ 6 ரெராஹேர்ட்ஸ் மீடிறன் அளவிற்குச் சென்று அளந்தனர். அக்காலத்தில் ஏற்கப்பட்டிருந்த வீனின் விதி அங்கே பொய்த்தது. அம்முடிவை அறிந்த மக்ஸ் பிளாங்க் அவ்வாண்டு ஒக்டோபரிற் புதிய சமன்பாட்டினை முன்வைத்தார்; அச்சமன்பாட்டின் பொருளைத் தேடப் புகுந்தபோது சக்திச் சொட்டு என்னும் எண்ணக்கரு பிறந்தது. இவ்வரலாற்றில் எமது விசாரணைக்கு வேண்டுவது ஒன்று: வெப்பமுடைய எப்பொருளும் இப்பட்டையில் ஒளிர்கின்றது. மனித உடலும் ஒளிர்கின்றது. இதற்குப் பின்னர் மீள்வோம்.

1980களில் இவ்விடைவெளி நிரம்பத் தொடங்கிற்று. ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டேவிட் ஓஸ்ரனும், ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தில் டானியல் கிறிஸ்கவுஸ்கியும், அவர்தம் குழுவினரும் மிகக் குறுகிய லேசர்த் துடிப்புகளைக் குறைகடத்தியின்மேற் செலுத்தி, ஒரு பிக்கோ செக்கன் அளவே நிலைக்கும் ரெராஹேர்ட்ஸ் துடிப்புகளைப் பிறப்பித்தனர். அவ்வாறே அவற்றை உணரவுஞ் செய்தனர். இம்முறையின் சிறப்பு யாதெனின், திரும்பி வரும் அலையின் செறிவை மாத்திரமன்றி, அது வந்துசேரும் நேரத்தையும் அது அளந்து தருவதாகும். ஒரு பிக்கோ செக்கனில் ஒளி 0.3 மில்லிமீற்றரே செல்லும். ஆதலின் எவ்வடுக்கிலிருந்து எதிரொலி வந்தது என்பதை மயிரிழை நுட்பத்துடன் கூறிவிடலாம். 2002இல் கேம்பிறிட்ஜிலும் பீசாவிலும் உள்ள ஆய்வாளர் கூடி, 4.4 ரெராஹேர்ட்சில் இயங்கும் குறைகடத்தி லேசர் ஒன்றை மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் இயக்கிக் காட்டினர். அதன்பின் இத்துறை விரைந்து வளர்ந்தது.

இவ்வலைகள் எவற்றை ஊடுருவும், எவற்றின்முன் நிற்கும் என்பதே எமது பொருளுக்கு முதன்மையானது. துணி, தாள், மட்டை, பிளாஸ்ரிக், உலர்ந்த மெல்லிய மரம் என்பவற்றை இவை கடந்து செல்லும். உலோகம் இவற்றைத் தெறித்துவிடும். நீர் இவற்றை உறிஞ்சிவிடும். 1995இல் பெல் ஆய்வுகூடத்தின் ஹூ, நுஸ் என்னும் இருவர் வெளியிட்ட முதற் படங்களுள் ஒன்று ஓர் இலையின் படம். பறித்த இலையில் நீர் நிறைந்த பகுதிகள் இருண்டு தோன்றின; இரு நாட்களின்பின் அதே இலை உலர்ந்து வெளிறியிருந்தது. மனித உடலும் பெரும்பாலும் நீரே. ஆகவே இவ்வலை ஆடையைக் கடக்கும்; தோலின் மேற்பரப்பிலே நின்றுவிடும். எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டும். கண் ஆடையைக் காட்டும். இவ்வலையோ இரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்றை, அம்மனிதன் பிறரிடமிருந்து காத்துக்கொள்ள விரும்பும் அவ்வொன்றையே காட்டும். மருத்துவனுக்கு வேண்டிய உள்ளுறுப்பை அதனாற் காட்ட முடியாது. வழியிற் செல்வோனுக்கு வேண்டாத நிர்வாணத்தை அதனாற் காட்ட முடியும். இயற்கை விதியில் ஒழுக்கம் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வலையின் இன்னோர் ஆற்றல் நிறமாலைப் பகுப்பாகும். பளிங்குருவாய் அமைந்த பல பதார்த்தங்களின் மூலக்கூறுகள் இப்பட்டையிலே தமக்கே உரிய மீடிறன்களில் அதிர்ந்து அலையை உறிஞ்சுகின்றன. ஆர்.டி.எக்ஸ். என்னும் வெடிமருந்து 0.8 ரெராஹேர்ட்ஸ் அளவில் உறிஞ்சுவது யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு. 2003இல் யப்பானிய ஆய்வாளர், கவாசேயின் தலைமையில், அஞ்சல் உறையினுள் இருந்த போதைப்பொருள்களையும் அஸ்பிரின் தூளையும் உறையைத் திறவாமலே வேறுபிரித்துக் காட்டினர். 2016இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தினரும் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகத்தினரும், தாளுக்கு ஓரெழுத்தாக எழுதி அடுக்கிய தாள்களை மூடியபடியே வைத்து ஒன்பது தாள்கள் வரை வாசித்தனர். தாள்களிடையே சிக்கிய, 20 மைக்கிரோமீற்றர் அளவே தடித்த காற்றுப் படலங்களே ஒரு தாளை மற்றொன்றினின்று பிரித்தறிய உதவின.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். தொட்டால் உதிர்ந்துவிடும் பழஞ்சுவடி ஒன்றைத் திறவாமல் வாசித்தல் அச்சுவடிக்குச் செய்யும் பேருபகாரம். அங்கே ஊடுருவிப் பார்த்தல் பரிவின் வடிவம். ஒருவர் மற்றொருவருக்கு எழுதி ஒட்டிய கடிதத்தைத் திறவாமல் வாசித்தலோ அவ்விருவருக்கும் இழைக்கும் துரோகம். அலை ஒன்றே, தாளும் ஒன்றே, வாசிக்கும் கருவியும் ஒன்றே. வேறுபாடு எங்கே உளது? கருவியில் இல்லை. காணப்படும் பொருளின் பௌதிக இயல்பிலும் இல்லை. காண்போனுக்கும் காணப்படுவோனுக்கும் இடையிலுள்ள உறவிலேயே அது உளது. இக்கூற்று எல்லோரும் ஏற்பதுபோலத் தோன்றும். ஆயினும் நடைமுறையில் இதனை மறுக்கும் வாதங்கள் நான்கு தொடர்ந்து எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாய் ஆராய்தல் தகும்.

முதலாவது, தீங்கின்மை வாதம். ஒரு ரெராஹேர்ட்ஸ் அலையின் சக்திச் சொட்டு ஓர் இலத்திரன்வோல்ற்றின் ஆயிரத்தில் நான்கு பங்களவே. கட்புல ஒளியின் சொட்டைவிட அது ஐந்நூறு மடங்கு அளவிற் சிறியது. உடற்கலங்களை அயனாக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஆகவே இதனால் எவருக்கும் தீங்கில்லை என்பர். பௌதிகம் பற்றிய அளவில் இக்கூற்று சரியானதே. ஆனால் 'தீங்கு' என்னுஞ் சொல் இங்கே இரு பொருளில் வழங்கப்படுவதைக் கவனித்தல் வேண்டும். உடலுக்குத் தீங்கில்லை என்பது நிறுவப்படுகின்றது. மனிதனுக்குத் தீங்கில்லை என்பது முடிவாகப் பெறப்படுகின்றது. உறங்குபவனின் நாட்குறிப்பைப் படிப்பவனும் அவனுடைய உடலுக்குத் தீங்கு செய்வதில்லை.

இரண்டாவது, ஏற்றல் வாதம். இது நுட்பமானது. மேலே கூறியபடி மனித உடல் தானே இப்பட்டையில் ஒளிர்கின்றது. எந்த அலையையும் செலுத்தாமல், உடல் உமிழ்வதை மட்டும் வாங்கிப் படமாக்கும் கருவிகள் உள. ஆடையினுள் மறைத்த உலோகமோ வெடிபொருளோ அவ்வொளியைத் தடுப்பதால் அது நிழலாகத் தெரியும். 'யாம் எதனையும் செலுத்தவில்லை. நீ வீசியதையே வாங்கினோம்' என்பர் இக்கருவியாளர். இவ்வாதம் நீதிமன்றத்திலும் ஆராயப்பட்டுள்ளது. 1992இல் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வீட்டினுள் கஞ்சா வளர்க்கப்படுவதாக ஐயுற்ற அதிகாரிகள், தெருவில் நிறுத்திய வாகனத்திலிருந்தவாறே வெப்பப் படமெடுக்கும் கருவியால் அவ்வீட்டை நோக்கினர். அது செந்நிறக்கீழ்க் கதிரை ஏற்கும் கருவி. எனினும் வினா இதுவே. சுவருக்கு வெளியே வந்த வெப்பத்தையே அளந்தோம், சுவரினுள் நுழையவில்லை என்பது அரசு தரப்பு வாதம். 2001இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் அதனை நிராகரித்தது. நீதியரசர் ஸ்கலியா எழுதிய தீர்ப்பின்படி, பொதுமக்களின் பாவனையில் இல்லாத ஒரு கருவியைக் கொண்டு, உள்ளே நுழைந்தாலன்றி அறியமுடியாத வீட்டுச் செய்திகளை அறிவது சோதனையே. அதற்குப் பிடியாணையை ஒத்த முன்னனுமதி வேண்டும்.

முடிவு நன்று, ஆனால் அதற்குக் கூறப்பட்ட காரணத்தில் ஓர் ஓட்டை உளது. கருவி பொதுமக்களின் பாவனைக்கு வந்துவிடின் பாதுகாப்பு நீங்கிவிடுமோ? மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்ரீவன்சே இதனைச் சுட்டிக் காட்டினார். கருவி மலிவாவதனால் அது செய்யும் செயல் நல்லதாகிவிடாது. அன்றியும் 'வீசியதை வாங்கினோம்' என்னும் வாதம் வீசுதலின் பொருளைத் திரிக்கின்றது. ஒருவன் பேசுவது அவன் செய்கை. அவன் உடல் வெப்பமாயிருப்பது அவன் செய்கையன்று. பேசாதிருக்க அவனால் இயலும். ஒளிராதிருக்க, உயிரோடிருக்கும்வரை, இயலாது. அவன் அடக்கிக்கொள்ள இயலாத ஒன்றை அவன் வழங்கிய ஒன்றாகக் கொள்வது நீதியாகாது.

மூன்றாவது, மாசற்றோர் வாதம். மறைப்பதற்கு எதுவுமில்லாதவன் அஞ்சவேண்டியதில்லை என்பது அதன் சுருக்கம். 2009 டிசம்பர் 25 அன்று டெற்றொயிற் நகரை நோக்கிச் சென்ற விமானத்தில், உள்ளாடையுள் வெடிபொருளை மறைத்து வந்த ஒருவன் அதனை வெடிக்க முயன்றான். அதன்பின் அமெரிக்க விமான நிலையங்களிலே உடலை ஊடுருவி நோக்கும் கருவிகள் பெருகின. ஒருவகை எக்ஸ் கதிரைப் பின்சிதறச் செய்வது. மற்றது 24 முதல் 30 கிகாஹேர்ட்ஸ் வரையான மில்லிமீற்றர் அலையைப் பயன்படுத்துவது. பின்னது எமது பட்டைக்குக் கீழே அமைவதேனும் ஆடையைக் கடப்பதில் அதன் உறவினது. முந்நூறு பேர் பயணஞ்செய்யும் விமானத்தில் அம்முந்நூறு உயிர்களையும் காத்தல் சிறிய நன்மையன்று. இதனைச் சிறுமைப்படுத்தி எழுதுவோர் அவ்விமானத்தில் அமர்ந்து சிந்திக்கவில்லை. எனினும் அக்கருவிகள் தொடக்கத்திற் காட்டியவை பயணிகளின் ஆடையற்ற உருவங்களையே. செயற்கை உறுப்புப் பொருத்தியவரும், அறுவைச் சிகிச்சையின்பின் உடலோடு பை கட்டியவரும், பிறப்பிலே சூட்டிய பாலினின் வேறாய் வாழ்பவரும் அப்படங்களில் எதைக் காட்ட நேர்ந்ததோ அது குற்றமன்று. ஆயினும் அவர்கள் அதனை மறைக்கவே விரும்பினர். மறைவு வேறு, குற்றம் வேறு. மறைப்பவையெல்லாம் குற்றமெனின் நாணமே குற்றமாகிவிடும்.

இவ்வாதத்திற்கு மறுமொழி நடைமுறையிலே கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2011 முதல் மில்லிமீற்றர் அலைக் கருவிகளிற் புதிய செய்நிரல் சேர்க்கப்பட்டது. அது பயணியின் உடலைக் காட்டாது, எல்லோருக்கும் பொதுவான வெறுங்கோட்டுருவம் ஒன்றைக் காட்டி, ஐயத்துக்குரிய இடத்தை மட்டும் அதிற் குறிக்கும். அவ்வாறு மாற்ற இயலாத எக்ஸ் கதிர்க் கருவிகள் 2013இல் அமெரிக்க விமான நிலையங்களினின்று அகற்றப்பட்டன. பாதுகாப்புக்கு வேண்டியது பொருள் எங்கே உளது என்னும் செய்தி மட்டுமே. உடலின் படம் அன்று. படத்தை அவர்கள் பெற்றது, தேவைப்பட்டதனால் அன்று, கிடைத்ததனால். கிடைப்பதையெல்லாம் கொள்வது அறிவின் இயல்பாகலாம், அறத்தின் இயல்பாகாது.

நான்காவது, தொடாமை வாதம். இதுவே மற்றைய மூன்றினும் வலிமையானது. 2013 ஜனவரியில் நியூயோர்க் நகரப் பொலிஸ் ஆணையாளர், தெருவிற் செல்வோர் ஆடையுள் மறைத்த துப்பாக்கியைத் தொலைவிலிருந்தே காட்டும் ரெராஹேர்ட்ஸ் கருவியொன்றைத் தமது திணைக்களம் பரீட்சித்து வருவதாக அறிவித்தார். அந்நகரில் வழிமறித்து உடலைத் தடவிச் சோதிக்கும் வழக்கம் கறுப்பின, ஹிஸ்பானிய இளைஞர்மீதே பெரிதும் சுமத்தப்பட்டிருந்தது. அவ்வழக்கம் நடைபெற்ற முறை அரசியலமைப்புக்கு முரணானது என அவ்வாண்டு ஓகஸ்டிற் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது. சுவரோடு நிறுத்தி உடலெங்கும் கை வைப்பதைவிட, அறியாமலே பார்த்துவிட்டு விடுதல் மேலன்றோ என ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கையால் இழிவு செய்யப்பட்டோர்க்கு அது விடுதலையாகவுந் தோன்றலாம்.

எனினும் நோக்குக. வழிமறிக்கப்பட்டவன் அவமதிக்கப்படுகின்றான், ஆனால் அவமதிப்பை அறிகின்றான். 'ஏன் என்னை மறிக்கின்றாய்?' என்று கேட்கவும், பின்னர் நீதிமன்றஞ் செல்லவும் அவனால் முடியும். மேற்கூறிய தீர்ப்பே அவ்வாறு கேட்டவர்கள் பெற்ற தீர்ப்பு. தொலைவிலிருந்து பார்க்கப்பட்டவனோ பார்க்கப்பட்டதையே அறியான். வலி நீங்கியது; அதனோடு முறையிடும் வாயும் நீங்கியது. 2018இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் நிலக்கீழ் இரயில் நிலையங்களுக்கெனத் தருவிக்கப்பட்ட இத்தகைய கருவிகள் ஏறத்தாழ 30 அடி தூரத்திலிருந்து, மணிக்கு ஈராயிரம் பேர் வரை, நடையை நிறுத்தாமலே நோக்கவல்லன எனப்பட்டன. அங்கே அறிவித்தற் பலகை வைக்கப்படும் என்றும், விரும்பாதவர் பயணஞ் செய்யாது திரும்பலாம் என்றும் கூறப்பட்டது. அப்பலகை சிறிய பொருள்தான். ஆயினும் அறத்தின் எல்லை முழுவதும் அப்பலகையிலேயே நிற்கின்றது எனலாம்.

இவ்விடத்தில் எமது மொழி வைத்திருக்கும் ஒரு சொல் துணைக்கு வருகின்றது. 'கண்ணோட்டம்' என்பதை இன்று நாம் 'நோக்குநிலை' என்னும் பொருளில் வழங்குகின்றோம். வள்ளுவர் அதனை வழங்கியது இரக்கத்தின் பெயராக. கண்ணினது தொழிலைக் குறிக்குஞ் சொல்லே அருளின் பெயராயிற்று. பரிமேலழகர் அதற்குத் தரும் விளக்கம், தம்மோடு பழகியவர் கூறுவதை மறுக்கமாட்டாத மனநெகிழ்வு என்பதாம். அஃதாவது கண்ணோட்டம் நிகழ்வதற்கு இருவர் எதிர்ப்படல் வேண்டும். ஒருவர் வேண்ட, மற்றவர் கேட்டல் வேண்டும். பார்க்கப்படுபவரின் வேண்டுகோள் பார்ப்பவரைச் சென்றடையும் பார்வையே கண்ணோட்டம். இன்று நாம் பயிலும் அதிகார வைப்பிலே கண்ணோட்டத்தை அடுத்து நிற்பது ஒற்றாடல் என்பது சிந்தித்தற்குரியது. ஒற்றரை வள்ளுவர் விலக்கவில்லை. அரசனுக்குக் கண்ணாகவே கொண்டார். நாடு காப்பவன் மறைந்தும் பார்த்தல் வேண்டும் என்பதை அவர் அறிவார். ஆனால் ஒற்றனின் கண்ணை அரசனுக்குக் கொடுக்கும் முன்னர் இரங்கும் கண்ணைக் கொடுத்துவிடுகின்றார். ஒற்றன் சொல்லையும் வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பு நோக்குக என அவர் பணிப்பதில், பார்ப்பவனும் பார்க்கப்படல் வேண்டும் என்னும் கருத்து உளது.

இவ்வளவைகொண்டு நோக்கின், ஊடுருவும் பார்வையின் நன்மை தீமையை அளக்கும் கோல் அலையின் வலிமையன்று, படத்தின் தெளிவுமன்று. பார்க்கப்படுபவர் அதனை அறிவாரா? 'பார்க்காதே' என்று அவர் சொல்லும் வழி திறந்துள்ளதா? அவர் சொல்வதைக் கேட்கவேண்டிய ஒருவர் மறுமுனையில் இருக்கின்றாரா? இவ்வினாக்களுக்கு 'ஆம்' என விடை கூறவல்ல பார்வை, ஆடையை ஊடுருவினும் கண்ணோட்டமுடையது. கூறமாட்டாத பார்வை, ஆடையின் மேற்புறத்தில் நின்றுவிடினும் கண்ணோட்டமற்றது. சுவடியின் நிலையும் இதனால் விளங்கும்: அது வேண்ட இயலாதது, ஆதலின் அது வேண்டியிருக்கக் கூடியதை, உடையாதிருத்தலை, பார்ப்பவனே எண்ணிச் செய்கின்றான். ஒட்டிய கடிதத்தின் வேண்டுகோளோ முன்னரே சொல்லப்பட்டுவிட்டது. உறையை ஒட்டியமையே அவ்வேண்டுகோள்.

இதிலிருந்து விஞ்ஞானம் பயில்வோர்க்கு ஒரு கடமை பிறக்கின்றது. கருவியைச் செய்வது எம் தொழில், அதனைப் பயன்படுத்துவது பிறர் பொறுப்பு என்று கூறி விலகும் வழக்கம் உண்டு. கோட்டுருவத்தின் கதை அதனை மறுக்கின்றது. நிர்வாணப் படத்தைக் காட்டுவதோ காட்டாதிருப்பதோ விமான நிலையத்துக் காவலரின் நற்குணத்தைப் பொறுத்ததாயிருக்கவில்லை. செய்நிரலை எழுதியவர் வகுத்த அமைப்பைப் பொறுத்ததாயிற்று. எதனை அளப்பது, எதனை அளந்தும் காட்டாதொழிவது, எதனைச் சேமியாது அழிப்பது என்னும் முடிவுகள் ஆய்வுகூட மேசையிலேயே எடுக்கப்படுகின்றன. அவை பொறியியல் முடிவுகள் போலத் தோன்றும் ஒழுக்க முடிவுகள்.

திரைகள் இனி எம்மைக் காக்கமாட்டா. துணியும் தாளும் சில அலைநீளங்களுக்கு ஏற்கெனவே கண்ணாடியாகிவிட்டன. அறிவு பின்னோக்கிச் செல்வதில்லையாதலின் அவற்றை மீண்டும் இருளச் செய்தல் இயலாது. இதுவரை பொருளின் தடிப்பு செய்துவந்த காவலை இனி மனிதரின் அடக்கமே செய்தல் வேண்டும். அவ்வடக்கம் சட்டத்திலும் கருவியின் அமைப்பிலும் எழுதப்படல் வேண்டும். காண இயலாதபோது காணாதிருத்தல் அறமன்று, அது கண்ணின் எல்லை. காண இயன்றும் காணாதிருக்கத் தெரிந்த அன்றே பார்வை கண்ணோட்டமாகின்றது.